கரடியின் காதும் கண்ணாடிக் கண்ணும்

கன்னுக்குட்டி செத்துப்போனால் அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாக வைத்து மாட்டுக்கு முன்னால் நிறுத்துவார்கள். தோல்கன்னு என்று பேர். மெட்ராஸ் தெருவில் பால் கறந்த காலத்தைப் பார்த்தவர்கள் அங்கேயும் இதைப் பார்த்திருப்பீங்க. அதுக்குக் கண்ணே இருக்காது, கண் இருந்த இடம் வெறும் ஓட்டை. காது காஞ்ச வெத்தலை மாதிரி சுருண்டு கிடக்கும். ஆனாலும் தாய்மாடு மோந்து பார்த்து, நக்கிக்கிட்டே பாலை விட்டுடும். மாட்டுக்கு வாசம் போதும்.

மனுசனுக்குப் போதாது. விலங்கின் தோலைக் கெடாமல் பதப்படுத்தி, உயிரோடு இருப்பதுபோல் நிறுத்துவதைத் தமிழில் 'பாடம் செய்வது' என்கிறோம். உடம்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நாம் கண்டுக்க மாட்டோம். கண்ணும் காதும் தப்பாக இருந்தால் சிரிச்சுடுவோம். ஸ்வீடன் நாட்டில் கிரிப்ஸ்ஹோம் கோட்டையில் ஒரு சிங்கம் இருக்கிறது. 1731-ல் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் ஸ்வீடன் ராஜாவுக்கு அனுப்பி வைத்தது. செத்த பிறகு பாடம் செய்தவர், கண் இரண்டையும் மனுச முகத்தில் இருக்கிற மாதிரி நெருக்கி வைத்துவிட்டார். நாக்கு வேறு வெளியே தொங்குது. உயிரோடு ஒரு சிங்கத்தை அவர் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்கிறார்கள். பார்த்தாலே தெரியுதுங்க.

அந்தக் காலத்து முறை நம்ம தோல்கன்னு முறைதான்: தைத்த தோலுக்குள் வைக்கோலோ மரத்தூளோ திணிப்பது. அமெரிக்காவின் கார்ல் ஏக்லி (1864–1926) போன்றவர்கள் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். முதலில் தசையின் மேடு பள்ளம் வரைக்கும் உடம்பைக் களிமண்ணில் செய்து, அதிலிருந்து கனமில்லாத கூடு எடுத்து, அதன் மேல் தோலைப் போர்த்தினார்கள்.

நமக்குப் பக்கத்தில் இந்த வேலைக்குப் பேர் போன ஊர் மைசூர். எங்க பக்கமிருந்து திம்பம் மலையேறி, சாம்ராஜ்நகர் தாண்டினால் வந்துடும். 1900 வாக்கில் யூஜின் வான் இங்கன் தொடங்கிய பட்டறை அங்கேதான் இருந்தது. பிள்ளைகளுக்கு டி வெட், போத்தா, ஜூபர்ட் என்று போயர் போர்த் தளபதிகளின் பெயரை வைத்தவர் அவர். அப்பாவுக்குப் பிறகு பிள்ளைகள் நடத்தினார்கள். ராஜாக்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் சுட்ட புலியும் சிறுத்தையும் கரடியும் அங்கே போயின. காகிதக் கூழில் செய்த அச்சுக்கூட்டின் மேல் தோலைப் போர்த்தி முடித்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் வேலைக்காரர்கள். அவர்கள் பேரைத் தேடினாலும் கிடைக்காது.

கரடியில் முதல் தொல்லை காதுதான். நம்ம ஊர் வெயிலுக்குத் தோலில் சீக்கிரம் அழுகுவது காதும் உதடும் இமையும். சுட்ட அன்றைக்கே காதைப் பை மாதிரி உள்பக்கம் வெளியே திருப்பி, குருத்தெலும்பிலிருந்து தோலைப் பிரித்து உப்புப் போடணும். சோம்பேறித்தனம் பண்ணினால் முடி கொத்தாகக் கழண்டு வந்துடும். பட்டறைக்கு வந்ததும் குருத்தெலும்பை எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் ஈயத்தகடோ காகிதக் கூழோ வைப்பார்கள். வைக்காவிட்டால் காயும்போது காது சுருங்கும். நம்ம கரடிக்குக் காதிலிருந்து நீளமாக முடி தொங்கும். உள்ளே காது சுருங்கினாலும் அந்த முடி மறைச்சுடும்னு நினைப்பீங்க. மறைக்காது. முடி நிற்கிற திசையே மாறிப்போய், தலையில் கிழிந்த துணியை ஒட்டியது மாதிரி இருக்கும்.

அடுத்தது கண். கரடிக்கு அந்தப் பெரிய தலைக்குப் பொருந்தாத சின்னக் கண், ஒரு இலந்தைப்பழம் அளவு. பின்பக்கம் வண்ணம் தீட்டிய கண்ணாடிக் கண்ணைக் களிமண்ணில் பதித்து, இமையைச் சுற்றி மடித்து, காயும்வரை குண்டூசி குத்தி வைப்பார்கள். தோல் காயக் காய இழுக்கும். இமை ஒரு நூல் பின்வாங்கினாலும் கண்ணாடியின் விளிம்பு தெரிந்து, கரடி பேய் கண்டது போல முழிக்கும். ஆழமாகப் பதித்துவிட்டால் தூங்கி வழியும்.

கண்ணும் காதும் தனித்தனியாகச் சரியாக இருந்தால் போதாது, இரண்டும் ஒரே சேதியைச் சொல்லணும். கோபத்தில் வாயைத் திறக்கும் கரடி காதைப் பின்னால் மடக்கும், மூக்குத்தோல் சுருங்கும். வாயை மட்டும் பிளந்து காதை விறைப்பாக நிறுத்தினால் கொட்டாவி விடுகிற கரடிதான் கிடைக்கும். மைசூர் வேலையில் வாய் பிளந்து உறுமும் முகம்தான் பிரபலம். காசு கொடுத்தவர்கள் கேட்டது அதைத்தான். சாதுவாக இலந்தை தின்கிற கரடியைச் சுட்டேன் என்று எவன் சுவரில் மாட்டுவான்? லண்டனில் ரோலண்ட் வார்டு என்பவர் இன்னும் ஒருபடி மேலே போய், கரடியை இரண்டு காலில் நிறுத்தி, கையில் தட்டு ஏந்தும் வேலைக்காரனாகவே ஆக்கினார்.

எங்களுக்குக் கரடி சுவரில் இல்லை, புத்துக்கிட்ட இருக்கு. கறையான் புற்றைத் தோண்டும்போது மண்ணை ஊதுவதும் கறையானை உறிஞ்சுவதும் தூரத்துக்கே கேட்கும். அதுக்கு மூக்கு வேலை செய்கிற அளவுக்குக் கண்ணும் காதும் செய்யாது. அதிலும் தான் போடுகிற சத்தத்திலேயே, நாம் நடந்து வருவது அதன் காதில் விழுவதில்லை. கிட்டத்தில் திடீரென்று ஆளைப் பார்த்ததும் பதறி எழுந்து முகத்தில் அடிக்கும். விடிகாலையில் வனத்தை ஒட்டிப் போகிறவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். பட்டறையில் கோபத்துக்காக மடக்கி வைத்த காது, உண்மையில் நம்ம சத்தத்தைக் கேட்காமல் போன காது. இதை டவுனில் இருந்து வருகிற சொந்தக்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டேங்கிறாங்க. அவங்க பார்த்த கரடி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது, மைசூர் பட்டறைக்கு வேலை குறைந்தது, 1999-ல் மூடிவிட்டார்கள். பழைய கரடிகள் இன்னும் சில மாளிகைகளிலும் கிளப்புகளிலும் நிற்கின்றன. எங்கேயாவது பார்த்தால் முதலில் காதைப் பாருங்க. அங்கேதான் தோல் வெடித்திருக்கும், பூச்சி அரித்திருக்கும். கண் மட்டும் வைத்த நாளில் இருந்த மாதிரியே மின்னும். தொட மட்டும் வேண்டாம். பூச்சி வரக்கூடாதென்று அந்தக் காலத்தில் தோலின் உள்பக்கம் ஆர்சனிக் பூசுகிற பழக்கம் இருந்தது.