ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டை எதிர்த்தல்

அரசு அமைப்பு ஒன்று தனக்கு வந்த டெண்டர்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்த முறை தவறு என்று, வாய்ப்பை இழந்த ஒப்பந்ததாரர் சட்டப்படி முறையிடுவதே ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டை எதிர்த்தல் எனப்படும். தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை, 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் (1998இன் 43ஆவது சட்டம்) அதன்கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகளும் ஆகும். விலை உறை திறந்துவிட்டால் எண்களே பேசும். ஆகவே வழக்குகள் பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டத்தில், யார் தகுதி பெற்றார், யார் எதற்காகத் தள்ளப்பட்டார் என்பதில் எழுகின்றன.

எந்தப் பணிக்கு எந்த வழி

முறையிடும் வழி, டெண்டர் விட்ட அமைப்பைப் பொறுத்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள கடம்பூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு ஒரு தெருவுக்குச் சிமென்ட் சாலை போடப் பேரூராட்சியின் செயல் அலுவலர் டெண்டர் விட்டால், 1998ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். மாநில நெடுஞ்சாலைத் துறை, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், கோவில்பட்டி நகராட்சி ஆகியவற்றின் பணிகளுக்கும் அதே சட்டம்தான்.

அதே ஊரில், மதுரை–திருநெல்வேலி ரயில் பாதையில் இருக்கும் கடம்பூர் நிலையத்தின் நடைமேடைப் பணி என்றால் நிலை வேறு. அது மத்திய அரசின் ரயில்வே விடும் டெண்டர். மாநிலச் சட்டத்தின் மேல்முறையீடு அங்கே செல்லாது. மத்திய அரசின் கொள்முதலுக்குத் தனிச் சட்டம் இல்லை. 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் மசோதா குறைதீர்ப்பு ஏற்பாட்டை முன்வைத்தது. 2014இல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. டெண்டர் நிபந்தனையையோ நிராகரிப்பையோ கேள்வி கேட்க ஆவணத்திலேயே இடம் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் கூறுகின்றன. அதன்பின் மிஞ்சும் வழி உயர் நீதிமன்றம்.

மதிப்பீடு நடக்கும் முறை

2 கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாளும் டெண்டர் போட அவகாசம் தர வேண்டும் என்பது பொது விதி. இரு உறை முறையில் முதல் உறையில் தகுதிச் சான்றுகள், முன்வைப்புத் தொகை, முந்தைய பணிகளின் விவரம் ஆகியவை இருக்கும். இரண்டாவதில் விலை மட்டும். முதல் உறையில் தேறியவர்களின் விலை உறையே திறக்கப்படும். அவர்களில் மிகக் குறைந்த விலை கேட்டவரை ஒப்பந்ததாரர்கள் 'எல்-1' என்பார்கள்.

ஆவணத்தில் முன்கூட்டிச் சொன்ன அளவுகோல்களையே வைத்து மதிப்பிட வேண்டும் என்கிறது சட்டத்தின் 10ஆவது பிரிவு. தரவிலைப் பட்டியலையும் நடப்புச் சந்தை விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். விலைக் குறைப்புப் பேச்சு எல்-1 உடன் மட்டுமே நடக்கலாம். வென்றவரின் பெயரோடு, மற்றவர்களைத் தள்ளியதற்கான காரணங்களும் டெண்டர் செய்தி இதழுக்கு அனுப்பப்பட வேண்டும். முறையீடு எழுதுபவரின் கையில் இருக்கும் முதல் ஆதாரம் இந்தக் காரணங்கள்தான்.

மேல்முறையீடு

10ஆவது பிரிவின்கீழ் பிறந்த உத்தரவால் பாதிக்கப்பட்டவர், அது கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 11ஆவது பிரிவு. அரசு 15 நாளில் அதை முடிக்க வேண்டும். இடைக்கால உத்தரவும் போடலாம். ஆனால் மனு கொடுத்ததாலேயே பணி நின்றுவிடாது. தடை கிடைப்பதற்குள் வென்றவருக்குப் பணி ஆணை கொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, தளத்தில் ஜல்லி இறங்கிவிட்டால் முறையீட்டின் பலம் பாதியாகிவிடும்.

அரசின் முடிவே இறுதி என்று சட்டம் சொன்னாலும், அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகும் உரிமையை அது பறிப்பதில்லை. கடம்பூர் வட்டாரத்து வழக்குகள், 2004 ஜூலையில் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் செல்கின்றன.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்

டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் செல்போன் உரிமங்களைப் பற்றிய டாடா செல்லுலார் வழக்கில் (1994), உச்ச நீதிமன்றம் இன்றும் நிலைத்திருக்கும் வரையறையைத் தந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எஸ். மோகன். முடிவு சரியா என்று நீதிமன்றம் மேல்முறையீட்டு அதிகாரியைப் போல ஆராயாது. முடிவெடுத்த விதம் சரியா என்று மட்டுமே பார்க்கும் என்பது அதன் சாரம். ஒருவருக்குச் சாதகமாகவோ, பொறுப்புள்ள எந்த அதிகாரியும் எடுக்கமாட்டாத வகையிலோ முடிவு எடுக்கப்பட்டதா, பொதுநலன் பாதிக்கப்படுகிறதா என்ற இரு கேள்விகளை ஜகதீஷ் மண்டல் வழக்கு (2007) வகுத்தது.

தான் போட்ட நிபந்தனையை அரசே மீறக் கூடாது என்பது அதற்கும் முந்தைய கோட்பாடு. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த, குறிப்பிட்ட தரத்தில் 5 ஆண்டு அனுபவம் கேட்டுவிட்டு, அது இல்லாதவரை நிர்வாகம் தேர்ந்தெடுத்தது. ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் (1979) அது தவறு என்றது உச்ச நீதிமன்றம். ஆனாலும் மனுதாரர் தாமதமாக வந்தார் என்பதையும் கருதி நிவாரணம் மறுத்தது.

எல்லா நிபந்தனையும் ஒரே எடை உடையவை அல்ல. வாரணாசி டீசல் ரயில் எஞ்சின் ஆலையின் டெண்டரில் முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் பேங்க் வரைவோலையாகவோ கட்டச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் யூனியன் பேங்க் சான்றளித்த காசோலையைக் கொடுத்தார். பணத்துக்கு உறுதி இருக்கிறது, இது துணை நிபந்தனைதான் என்று போதார் ஸ்டீல் வழக்கு (1991) அதை ஏற்றது.

கரிசல் மண்ணும் 'ஒத்த பணி'யும்

அதிகம் சண்டைக்கு வரும் சொல் 'ஒத்த பணி அனுபவம்'. கோவில்பட்டி, கடம்பூர், கயத்தாறு வட்டாரத்தின் கரிசல் மண் மழையில் ஊதும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். செம்மண்ணில் போட்டதைப் போலவே போட்ட சாலையும் சுவரும் இங்கே பிளக்கும். ஆகவே சாலைக்கு அடித்தளம் தடிமனாக வேண்டும். கட்டடத்துக்கு அஸ்திவாரக் குழியில் மணல் நிரப்ப வேண்டும். செம்மண் நிலத்தில் மட்டும் சாலை போட்டவரின் அனுபவம் 'ஒத்த பணி' ஆகுமா?

ஆவணத்தை எழுதியவரே அதன் பொருளை நன்கு அறிவார், அவர் கொண்ட பொருளை எளிதில் மாற்றலாகாது என்கிறது ஆஃப்கான்ஸ் வழக்கு (2016). எனவே கரிசலில் வேலை செய்த அனுபவம் வேண்டுமென்றால் அது டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். இல்லையெனில் விலை உறை திறந்த பிறகு அதைக் கிளப்பும் போட்டியாளர் பெரும்பாலும் தோற்பார். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேட்டிருந்தால் அவருடைய வாதத்துக்குப் பலம் கூடும்.

நிவாரணமும் பிற நாட்டு நடைமுறையும்

வென்றாலும் ஒப்பந்தம் நேராக மனுதாரருக்குக் கிடைப்பது அரிது. மறுமதிப்பீடோ புது டெண்டரோ நடக்கும். ஜார்க்கண்ட் சாலைப் பணி பற்றிய என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் (2022), உள்கட்டமைப்புப் பணிகளுக்குத் தடை விதிப்பதில் நிதானம் வேண்டும், தவறு உறுதியானால் இழப்பீட்டின் பக்கம் போகலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

அமெரிக்காவில் அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் முறையிட்டால், ஒப்பந்தம் பொதுவாகத் தானாகவே நிறுத்தப்படும். 100 நாளில் முடிவு வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிவை அறிவித்தபின் குறைந்தது 10 நாள் காத்திருந்தே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டில் முறையிட 10 நாள் உண்டு. அந்த நாட்களில் அரசு அமைப்பு கையெழுத்திடாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 11ஆவது பிரிவில் இல்லை.