விலங்குக் காட்சிச்சாலை வடிவமைப்பு

விலங்குக் காட்சிச்சாலை வடிவமைப்பு என்பது காட்சிச்சாலைகளில் விலங்குகள் வாழும் அடைப்பிடங்களையும், அவற்றைச் சார்ந்த இரவுக் கூடங்கள், பார்வையாளர் பாதைகள் முதலியவற்றையும் திட்டமிடும் துறையாகும். கட்டடக்கலைஞர்கள், நிலத்தோற்றக் கலைஞர்கள், விலங்கு மருத்துவர்கள், காப்பாளர்கள் ஆகியோர் இதில் சேர்ந்து பணியாற்றுவர். விலங்கின் நலம், காப்பாளரின் பாதுகாப்பு, பார்வையாளரின் விருப்பம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முரண்படக்கூடியவை. அவற்றை இணக்குவதே இத்துறையின் முதன்மையான சிக்கலாகும்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் விலங்குகள் பெரும்பாலும் கம்பிக் கூண்டுகளில் வைக்கப்பட்டன. ஜெர்மானிய விலங்கு வணிகரான கார்ல் ஹேகன்பெக் 1907ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரை அடுத்த ஸ்டெல்லிங்கனில் திறந்த காட்சிச்சாலையில் கம்பிகளுக்கு மாற்றாக அகழிகளும் செயற்கைப் பாறைகளும் அமைக்கப்பட்டன. அகழியின் அகலமும் ஆழமும் அவ்விலங்கு தாவக்கூடிய தொலைவைக் கொண்டு முடிவு செய்யப்படுகின்றன.

இலண்டன் காட்சிச்சாலையில் பெர்த்தோல்ட் லுபெட்கின் தலைமையிலான டெக்டன் குழுவினர் வடிவமைத்த பென்குயின் குளம் 1934இல் அமைக்கப்பட்டது. அதன் வளைந்த கான்கிரீட் சரிவுகள் நவீனக் கட்டடக்கலையின் சிறந்த எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகின்றன. எனினும் கடினமான கான்கிரீட் தரை பறவைகளின் பாதங்களுக்கு ஏற்றதாக இல்லை. 2004இல் பென்குயின்கள் வேறிடத்திற்கு மாற்றப்பட்டன. சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டடம் மட்டும் எஞ்சியுள்ளது.

1970களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம், தனது வுட்லண்ட் பார்க் காட்சிச்சாலைக்கான நெடுங்காலத் திட்டத்தை ஜோன்ஸ் அண்டு ஜோன்ஸ் என்னும் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. விலங்கின் இயல்பான வாழிடத்தை ஒத்த நிலத்தோற்றத்தை உருவாக்கி, அதனுள் பார்வையாளரையும் நுழைய வைக்கும் முறை அங்கு வகுக்கப்பட்டது. அம்முறைப்படி அமைந்த கொரில்லா அடைப்பிடம் பிற காட்சிச்சாலைகளுக்கு முன்மாதிரியாயிற்று.

முக்கியக் கூறுகள்

* மறைவிடம்: பார்வையாளரின் கண்ணில் படாமல் ஒதுங்க விலங்குக்கு இடம் வேண்டும்.
* இரவுக் கூடம்: உணவளித்தல், மருத்துவம், தூய்மைப் பணி ஆகியவற்றிற்காக விலங்கைப் பிரித்து வைக்கும் அறைகள்.
* இரட்டைக் கதவு: ஒன்று அடைபட்ட பின்னரே மற்றொன்றைத் திறப்பதால் விலங்கு தப்புவதும் காப்பாளர் தாக்கப்படுவதும் தவிர்க்கப்படுகின்றன.
* காட்சி முனை: கூட்டம் விலங்கை நாற்புறமும் சூழாதவாறு, பார்க்கும் இடங்கள் ஓரிரு பக்கங்களில் மட்டும் அமைக்கப்படுகின்றன.

இந்தியாவில்

சென்னைக் காட்சிச்சாலை 1855ஆம் ஆண்டில் எட்வர்ட் பால்ஃபரின் முயற்சியால் அரசு அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டு மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தது. மக்கள் அருங்காட்சியகத்தைச் "செத்த காலேஜ்" என்றும், காட்சிச்சாலையை "உயிர் காலேஜ்" என்றும் அழைத்தனர். நகர நெரிசலில் விரிவாக்க இடமின்மையால் வண்டலூர் காப்புக்காட்டில் அகழி சூழ்ந்த திறந்த அடைப்பிடங்களுடன் புதிய பூங்கா அமைக்கப்பட்டு 1985இல் திறக்கப்பட்டது. இதுவே அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகும்.

1992இல் அமைக்கப்பட்ட மத்திய விலங்குக் காட்சிச்சாலை ஆணையம், அடைப்பிடங்களுக்கான நெறிமுறைகளை வகுத்து, காட்சிச்சாலைகளுக்கு ஏற்பளித்து வருகிறது.

கேரளத்தின் திருச்சூர் நகரில் 1885இல் தோன்றிய காட்சிச்சாலையும் இடநெருக்கடிக்கு உள்ளானது. அதற்கு மாற்றாகப் புத்தூரில் 336 ஏக்கர் பரப்பில் அமைந்த பூங்கா 2025இல் திறக்கப்பட்டது. இதனை வடிவமைத்தவர், சியாட்டில் திட்டத்தில் பணியாற்றிய ஜான் கோ ஆவார்.