விருந்தும் மருந்தும்: பண்டிகைக்கு முன் ஒரு டெல்டா கணக்கு



தீபாவளியில் தொடங்கினால் பொங்கல் வரை நம் வளாகத்தில் இனிப்புப் பெட்டிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற பழமொழியை நாம் விருந்தாளிகளைப் பற்றியே சொல்கிறோம். நம் தஞ்சை மண்ணின் வரலாற்றைப் பார்த்தால், அது தட்டில் இருக்கும் விருந்துக்கும் பொருந்தும்.

நம் அரண்மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் அரண்மனைச் சமையல் முறைகள் மராத்தி மொழியில் நூலாக எழுதப்பட்டன. 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று அதற்குப் பெயர். அதே மன்னர் 'தன்வந்திரி மகால்' என்ற மருத்துவ நிலையத்தையும் நடத்தினார். அங்கு கண்ட சிகிச்சைகள் தமிழில் எழுதி வைக்கப்பட்டன. சரஸ்வதி மகால் நூலகம் பின்னாளில் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று அவற்றை நோய்வாரியாக அச்சிட்டது. அதில் ஒரு தொகுதி நீரிழிவுக்கானது. விருந்தும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் இருந்த ஊர் இது.

அரண்மனைக்கு வெளியே, விருந்துக்கு நாள் குறித்தது காவிரி. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததும் ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம். ஐப்பசியில் குறுவை நெல் வீட்டுக்கு வரும் சமயம் தீபாவளி. ஐந்து, ஆறு மாதம் வயலில் நின்ற சம்பா அறுவடையானதும் தைப் பொங்கல். நடுவில் புரட்டாசிச் சனிக்கிழமை, ஏகாதசி, கார்த்திகை என்று வயிற்றுக்கு ஓய்வு தரும் விரத நாட்கள். தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சேர்ந்த லேகியம்தான் முதலில் வாய்க்குப் போகும். பலகாரம் அதற்குப் பிறகு.

இதைப் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். வயலில் இறங்கி வேலை செய்த பலருக்கு அந்த அளவுச் சாப்பாடு விருப்பத்தால் வந்ததல்ல, இல்லாமையால் வந்தது. பசியைப் போக்க நடந்த முயற்சிகள் நியாயமானவை. 1922-ல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1960-ல் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்வான ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அடுத்து ஏ.டி.டி. 27 போன்ற குறுகிய கால நெல் ரகங்கள் வந்தன. இன்று அரிசி ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. இது பெரிய வெற்றி.

ஆனால் அந்த வெற்றியோடு இரண்டு விஷயங்கள் நம்மை விட்டுப் போயின.

ஒன்று, தவிடு. உரலில் குத்திய அரிசியில் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆலையில் வெள்ளையாகத் தீட்டும்போது நார்ச்சத்தும் பி1 வைட்டமினும் தவிட்டோடு போய்விடுகின்றன. 1890-களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணத்துக்கு வழிகாட்டிய அந்தப் பணிக்காக 1929-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நெல்லை அவித்து அரைக்கும் நம் புழுங்கலரிசியில் அந்த வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது.

இரண்டாவது, உழைப்பு. நாற்று நட்டு, கதிர் அடித்து, நெல் குத்திய உடம்புக்கு அந்தச் சர்க்கரைப் பொங்கல் கூலி மாதிரி. நமக்கோ லிஃப்டில் ஏறி வந்து உட்கார்ந்ததும் கிடைக்கிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். நம் பிளாக்கிலேயே மாத்திரைப் பெட்டி இல்லாத வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

அதற்காகப் பண்டிகையைக் குறைக்க வேண்டியதில்லை. பண்டிகையை அதன் நாளோடு நிறுத்திக்கொண்டால் போதும். தீபாவளி இனிப்பை இரண்டு மூன்று நாளில் பகிர்ந்து முடித்துவிடுங்கள். கார்த்திகை வரை டப்பாவில் வைத்துக் கொறிக்க வேண்டாம். விருந்துக்கு மறுநாள் ரசம் சாதம், கீரை, மோர் என்று இருக்கட்டும். இலையில் பரிமாறுகிறவர் மறுபடி வரும்போது கையைக் குறுக்கே நீட்டி "போதும்" என்று சொல்வது நம் பந்தியில் மரியாதைக் குறைவல்ல. பரிமாறுகிறவர்களும் வற்புறுத்தாமல் இருப்போம். சாப்பிட்டதும் வளாகத்துக்குள் இரண்டு சுற்று நடங்கள். சர்க்கரை உள்ளவர்கள், லேகியத்திலும் வெல்லம் இருப்பதை மறக்க வேண்டாம். பண்டிகை நாளென்று மாத்திரையையும் தள்ளிப்போடாதீர்கள்.

வளாகப் பொங்கலன்று பானை பொங்கி வழியட்டும். தொன்னையை மட்டும் சிறியதாக எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் பண்டிகை வாழ்த்துகள்!