வீட்டுல பறவை வளர்க்கிறீங்களா? ஒரு காய்ச்சலின் கதை

1/
கிளி, லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல், புறா... வீட்டில் பறவை வளர்க்கும் எல்லோருக்கும் இந்த நீண்ட த்ரெட். வளர்க்காதவங்களும் படிக்கலாம். ஏன்னா, இது உலகத்தையே நடுங்க வைத்த ஒரு நிமோனியாவின் வரலாறு.

2/
1879. சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊர். யாகோப் ரிட்டர் என்ற மருத்துவர் தன் சகோதரர் வீட்டில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கிறார். அந்த வீட்டோடு தொடர்புடைய 7 பேருக்குக் கடும் காய்ச்சலும் நிமோனியாவும். 3 பேர் இறந்துவிட்டார்கள். டைபாய்டு மாதிரி இருக்கு, ஆனால் டைபாய்டு இல்லை.

3/
ரிட்டர் நோயாளிகளை மட்டும் பார்க்கவில்லை, வீட்டையும் பார்த்தார். படிப்பறையில் கூண்டுகள். உள்ளே வெளிநாட்டிலிருந்து வந்த கிளிகளும் சிறு பறவைகளும். சந்தேகம் அங்கே போனது. கிருமி என்னவென்று தெரியாமலேயே அது வந்த வழியைச் சரியாகக் கணித்த மனிதர் அவர்.

4/
அடுத்து 1892, பாரிஸ். விற்பனைக்காகத் தென்னமெரிக்காவின் பியூனஸ் அயர்ஸிலிருந்து சுமார் 500 கிளிகள் கப்பலில் ஏற்றப்பட்டன. பாதிக்கும் மேல் வழியிலேயே செத்துப்போயின. மிச்சம் இருந்தவை விற்கப்பட்டன. 49 பேருக்கு நோய், 16 பேர் மரணம்.

5/
1895ல் இதற்குப் பெயர் வைத்தார்கள்: சிட்டகோசிஸ். கிரேக்க மொழியில் கிளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் மொழியில் சொன்னால் கிளிக் காய்ச்சல். பெயர் வந்தது. ஆனால் பயம் வர இன்னும் 35 வருஷம் ஆனது.

6/
1929 கிறிஸ்துமஸ். அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரில் ஒருவர் தன் மனைவிக்கு ஒரு கிளியைப் பரிசாக வாங்கித் தருகிறார். சில நாளில் கிளி சோர்ந்துபோய் இறந்தது. அடுத்து குடும்பமே படுக்கையில்.

7/
பார்க்க வந்த டாக்டருக்குப் பிடிபடவில்லை. இதுபற்றி வீட்டில் மனைவியிடம் பேசியபோது, அர்ஜென்டினாவில் பரவும் கிளிக் காய்ச்சலைப் பற்றிப் பத்திரிகையில் படித்ததாக அவர் சொன்னாராம். உடனே வாஷிங்டனுக்குத் தந்தி பறந்தது. நோயைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு பத்திரிகைச் செய்தியும், வீட்டில் கிளி இருந்தது என்ற தகவலும்தான்.

8/
அப்புறம் ஊரெங்கும் பீதி. கப்பலில் வளர்த்த கிளிகளைக் கடலில் வீசச் சொன்னார் ஓர் அமெரிக்கக் கடற்படை அட்மிரல். 1930 ஜனவரி 24 அன்று அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்கே தடை போட்டார். உலகம் முழுக்க 750 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் 169 பேர், 33 மரணங்கள்.

9/
இதில் நெஞ்சைத் தொடும் பகுதி வாஷிங்டனின் அரசு ஆய்வகத்தில் நடந்தது. அதன் அடித்தளத்தில் சார்லஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவரும், ஹென்றி ஆண்டர்சன் என்ற ஆய்வக உதவியாளரும் நோயுற்ற கிளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். கதவிடுக்கில் கிருமிநாசினியில் நனைத்த திரைகள்தான் பாதுகாப்பு. அவ்வளவுதான் அன்றைக்கு முடிந்தது.

10/
பிப்ரவரியில் ஆண்டர்சன் இறந்துபோனார். ஆம்ஸ்ட்ராங்கும் படுத்தார். நோயிலிருந்து மீண்டவரின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை அவருக்குச் செலுத்தினார்கள். பிழைத்தார்.

11/
ஆய்வக இயக்குநர் ஜார்ஜ் மெக்காய் தனியாளாக வேலையைத் தொடர்ந்தார். மார்ச்சில், அடித்தளத்துக்கே போகாத மேல்மாடி ஊழியர்களுக்கும் நோய் வந்தது. கிளியைத் தொட வேண்டியதில்லை, காற்றே போதும் என்று அப்போது தெளிவானது. கட்டடத்தைக் காலி செய்து, சோதனை விலங்குகளையெல்லாம் கொன்று, விஷப்புகை போட்டுச் சுத்தம் செய்தார்கள்.

12/
அந்த ஆய்வகம்தான் அதே ஆண்டு மே மாதம் தேசிய சுகாதார நிறுவனம் என்று பெயர் மாறியது. இன்று உலகமே அறிந்த என்.ஐ.எச். அதுதான்.

13/
சரி, தப்பு கிளி மேலயா? இதற்குப் பதில் தந்தவர் கார்ல் மேயர். கால்நடை மருத்துவம் படித்த விஞ்ஞானி. கலிபோர்னியாவில் வளர்க்கப்பட்ட பட்ஜெரிகர்களை (நாம லவ் பேர்ட்ஸ்னு சொல்ற குட்டிப் பறவைகள்) சோதித்தார். ஆரோக்கியமாகத் தெரிந்த பறவைகளிலும் கிருமி இருந்தது.

14/
அது சும்மா ஒளிந்திருக்கும். நெரிசலான கூண்டு, நீண்ட பயணம், சரியில்லாத தீனி என்று பறவை வாடும்போது வெளியே வரத் தொடங்கும். 1892 கப்பலை இப்போது நினைத்துப் பாருங்க. அதில் அடைத்து வைத்ததும் நாம்தான், வாங்கிக்கொண்டதும் நாம்தான்.

15/
கிருமியின் பெயர் கிளமிடியா சிட்டாசி. காய்ந்த எச்சத் தூசியை மூச்சில் இழுத்தால் தொற்றும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வந்தபிறகு இது குணப்படுத்தக்கூடிய நோய். ஆனால் பென்சிலின் வகைகள் இதற்குச் சரிவர வேலை செய்யாது. சந்தேகமே வரவில்லை என்றால் சரியான மருந்தும் வராது.

16/
அதனால் காய்ச்சல், இருமல்னு டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்க: "டாக்டர், வீட்டுல பறவை வளர்க்கிறோம்." ஊஸ்டரிலும் அன்னாபொலிஸிலும் உண்மையை வெளியே கொண்டு வந்தது இந்த ஒரு தகவல்தான்.

17/
உங்க பறவைக்கும் இதே நியாயம் உண்டு. காட்டில் நோயைக் காட்டிக்கொண்டால் வேட்டைக்கு இரையாகிவிடும். அதனால் முடிந்தவரை மறைக்கும். கலகலன்னு கத்தின பறவை திடீர்னு அமைதியாகிவிட்டால் "கோவமா இருக்கு"னு விடாதீங்க. இறகை உப்பிக்கொண்டு உட்காருவது, தீனி குறைவது, கண்ணிலோ மூக்கிலோ நீர் வடிவது, எச்சத்தின் நிறம் மாறுவது, தன் இறகைத் தானே பிடுங்குவது எல்லாமே நோயாக இருக்கலாம்.

18/
அப்போது போக வேண்டியது பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம். கடைக்காரர் தரும் மாத்திரையோ, வீட்டில் மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாடிக்கோ வேண்டாம். அரைகுறை மருந்தில் கிருமி மறுபடி ஒளிந்துகொள்ளும். பறவைகளுக்கான முழுச் சிகிச்சை பல வாரங்கள் நீளும்.

19/
கூண்டைக் காய்ந்த நிலையில் கூட்டாதீங்க. தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுத் துடைங்க. புதுப் பறவையைச் சில வாரம் தனியே வைங்க. இன்னொன்று, நம்ம ஊர் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது மரத்திலேயே இருக்கட்டும்.

20/
பயந்துபோய் இருக்கிற பறவையைத் துரத்திவிட வேண்டாம். மனிதரிடையே இந்த நோய் பரவுவது மிக அரிது, மருந்தும் கையில் இருக்கு. அந்த மருந்து வருவதற்கு முன்னால் ஒரு அடித்தளத்தில் உயிரை விட்ட ஆண்டர்சனை நினைத்தாவது, உங்க பறவையின் மௌனத்தைக் கொஞ்சம் கவனிங்க.

பறவை வளர்க்கும் நண்பர்களுக்குப் பகிருங்க.