பித்தளையில் படிந்த காலம்: போர்க்காலப் படைச்சின்னங்களில் மெய்யும் போலியும்

1914 நவம்பரில் பிரான்சின் பெஸ்துபெர் அருகே நடந்த சண்டைக்காகத் தர்வான் சிங் நேகி விக்டோரியா கிராஸ் பெற்றார். அப்போது அவருடைய படைப்பிரிவின் பெயர் 39-ஆவது கார்வால் ரைபிள்ஸ். ‘ராயல்’ என்னும் அடைமொழி அதற்கு 1921-இல் கிடைத்தது. 1922-இல் அதன் எண் 18 ஆயிற்று. 1945-இல் எண்ணே நீங்கியது. ஆகவே ‘18’, ‘ராயல்’ என்னும் இரண்டும் பொறித்த சின்னம் ஒன்றைக் காட்டி, முதல் உலகப்போரில் பிரான்சில் போரிட்ட சிப்பாய் அணிந்தது என்று ஒரு வியாபாரி சொன்னால், அதை மறுக்க உருப்பெருக்கிக் கண்ணாடி தேவையில்லை. அந்தச் சின்னம் போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை; 1930-களில் மெய்யாகவே அணியப்பட்டதாக இருக்கலாம். பொய்யாவது அதனோடு சேர்த்து விற்கப்படும் கதை. பொருளையும் கதையையும் தனித்தனியே சோதிப்பதே புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் கற்க வேண்டிய முதல் பாடம்.

இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர் மாற்றங்களுக்குத் தெளிவான ஆண்டுகள் உண்டு. 1903-இல் கிச்சனர் காலத்து மறு எண்ணிடல் நிகழ்ந்தது. 1922-இல் தனித்தனிப் பிரிவுகள் பெரிய ரெஜிமென்டுகளாகத் தொகுக்கப்பட்டன. 1945-இல் காலாட்படைப் பிரிவுகள் பலவற்றின் எண்கள் கைவிடப்பட்டன. 1950-இல் இந்தியா குடியரசானபோது மணிமுடி இருந்த இடத்தில் அசோகரின் சிங்கங்கள் அமர்ந்தன. மணிமுடியின் வடிவமும் சான்று கூறும். 1901 முதல் 1952 வரை ஆண்ட மன்னர்களின் காலத்து முடியில் வளைவுகள் குவிமாடம்போல் உயர்ந்திருக்கும். எலிசபெத் அரசி காலத்து முடியில் அவை நடுவில் தாழ்ந்திருக்கும். இந்தியப் படைப்பிரிவின் பெயருக்கு மேல் இந்த இரண்டாம் வகை முடி இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். 1948-இல் பிரிட்டிஷ் படைக்கு மாறிய 2, 6, 7, 10 எண்களுடைய கூர்க்கா ரெஜிமென்டுகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. சோழர் மெய்க்கீர்த்தியில் நீண்டுகொண்டே போகும் வெற்றிப் பட்டியலைக் கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பவர்களுக்கு இம்முறை புதிதன்று.

எனினும் இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பெயரிலோ முடியிலோ உள்ள பிழை ஒரு பொருளைப் பொய்யென்று காட்டிவிடும். பிழையின்மை அதை மெய்யென்று காட்டிவிடாது. சரியான பெயர், ‘இந்தப் பொருள் இந்த ஆண்டுக்கு முற்பட்டதன்று’ என்பதை மட்டுமே சொல்கிறது. அதே பெயரை 1970-இலும் பொறிக்கலாம். அதனால் சின்னத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

பிரிட்டனில் தொப்பிச் சின்னங்கள் பெரும்பாலும் உலோகத் தகட்டை அச்சுகளுக்கிடையே வைத்து அடித்துச் செய்யப்பட்டன. முன்புறத்து மேடு பின்புறத்தில் பள்ளமாகத் தெரியும். விளிம்புகள் கூர்மையாக இருக்கும். அசலிலிருந்து வார்ப்பெடுத்த நகலில் கோடுகள் மழுங்கியிருக்கும். பரப்பில் நுண்துளைகள் காணப்படும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் சற்றுக் குறையும். இதைக் கற்றவுடன் ‘வார்ப்பென்றால் போலி’ என்று முடிவுகட்டுவது புதியவர்களின் வழக்கம். இந்தியாவுக்கு அம்முடிவு பொருந்தாது. போர்க்காலத்தில் இந்தியக் கடைத்தெருக் கைவினைஞர்கள் மணல்வார்ப்பில் செய்த பித்தளைச் சின்னங்களைப் படையினர் அணிந்துள்ளனர். முரடான வேலைப்பாடு கொண்ட அவையும் மெய்யானவையே. ஓரிடத்தின் உற்பத்தி முறையை அறியாமல் அங்கு செய்த பொருளுக்குத் தீர்ப்பளிக்க இயலாது.

துணிச் சின்னங்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. நூலை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வூட்டிகள் போருக்குப் பின்னரே பரவலாயின. புற ஊதா விளக்கின் கீழ் அவை நீலமாக ஒளிரும். ஆனால் பழைய துணியைப் பிற்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும். பழைய நூலைக் கொண்டு நேற்றுத் தைத்த நகல் ஒளிராது.

எல்லாச் சோதனைகளையும் திணறச் செய்வது ஆசாத் ஹிந்த் விருதுகளின் கதை. வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்தியப் போர்வீரர்களைக் கொண்டு ஜெர்மனியில் உருவான படையணிக்காகச் சுபாஷ் சந்திர போஸ் 1942-இல் அவற்றை நிறுவினார். வியன்னாவின் ருடால்ஃப் சூவல் நிறுவனம் அவற்றைச் செய்தது. போர் முடிந்த பின்னும் அதே நிறுவனம் சேகரிப்பாளர்களுக்காக அவற்றை அடித்து விற்றது. வடிவம் சரி, உலோகம் சரி, செய்தவரும் அவரே. எந்த வீரனின் மார்பிலும் அது ஏறியதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. திருக்கோடிக்காவல் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாக்கியபோது, பழைய கல்வெட்டுகள் படியெடுத்து மீண்டும் வெட்டப்பட்டன. அவை ‘பழங்கற்படி’ என்று தம்மைத் தாமே அறிவித்துக்கொள்கின்றன. சூவலின் பிற்காலப் படிகளிடம் அந்த நேர்மை இல்லை.

இங்கே பணம் இழப்பது சிறிய இழப்பு. இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தம் கையால் எழுதிவைத்தது மிகக் குறைவு. அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களே வரலாற்றுக்குச் சான்றாகின்றன. ஒரு போலி, சேகரிப்பாளருக்கான வழிகாட்டி நூலில் படமாக ஏறிவிட்டால் அடுத்த போலிக்கு அதுவே அளவுகோலாகிறது. அணியப்படாத சின்னம் அணியப்பட்டதாக ஆய்வேட்டில் பதிவாகிறது.

ஆகவே புதியவர் அருங்காட்சியகங்களில் போருக்கு அண்மைக் காலத்திலேயே சேர்க்கப்பட்ட மாதிரிகளோடும், காலம் உறுதியான ஒளிப்படங்களோடும் ஒப்பிட்டுப் பழக வேண்டும். சின்னத்தைப் புளியிட்டுத் துலக்கலாகாது. துலக்கினால் களிம்போடு சான்றும் போய்விடும். எடை, அளவு, வாங்கிய இடம், நாள் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். விற்றவர் சொன்ன கதையையும் எழுதலாம். ஆனால் ‘விற்றவர் கூற்று’ என்னும் தலைப்பின் கீழ் மட்டுமே. அக்குறிப்பு இல்லாத மெய்யான சின்னமும், அடுத்த தலைமுறையின் கையில், போலியிலிருந்து பிரித்தறிய இயலாத பித்தளைத் துண்டாகிவிடும்.