வாயிலில் தொலைந்த சீட்டு: வி.பி.என். கருவிகளும் சேவை மறுப்பும்

வி.பி.என். கருவி என்பது நிறுவனத்தின் உள் வலையமைப்புக்கும் பொது இணையத்துக்கும் இடையே நிற்கும் வாயில். வீட்டிலிருந்தபடி பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்விதழ்களைத் திறக்கும் மாணவர் பலரும் அவ்வழியே நுழைகின்றனர். வந்தவர் யார் என்று அறியுமுன்பே அவருக்காக உழைக்கத் தொடங்க வேண்டியிருப்பதே அவ்வாயிலின் இடர்ப்பாடு. நினைவகத்தில் இடம் ஒதுக்க வேண்டும். திறவுகோல் பரிமாற்றத்துக்கான கடுங்கணக்குகளைப் போட வேண்டும். பொய் முகவரியிட்ட கோரிக்கைகளை ஒருவர் ஓயாது அனுப்பினால், எதையும் திருடாமலேயே வாயிலை அடைத்துவிடலாம்.

இந்த அபாயம் காலந்தாழ்ந்து கண்டறியப்பட்டதன்று. 1990களின் நடுவில் ஃபில் கார்னும் வில்லியம் சிம்ப்சனும் வகுத்த ஃபோட்டூரிஸ் நெறிமுறை இதை மனத்திற்கொண்டே அமைந்தது. முதல் கோரிக்கை வந்ததும் வாயில் எதையும் நினைவில் வைப்பதில்லை. அனுப்பியவரின் முகவரியோடு தன் இரகசியம் ஒன்றைக் கலந்து கணித்த சிறு சீட்டைத் திருப்பி அனுப்பும். ‘குக்கி’ எனப்பட்ட அச்சீட்டுடன் மீண்டும் வருபவருக்கே கடுங்கணக்கு தொடங்கும். பொய் முகவரி தந்தவருக்குச் சீட்டு போய்ச் சேராது. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் நிறுவனம் ‘சின்’ வெள்ளத் தாக்குதலில் முடங்கியபோது, டி.சி.பி. இணைப்புகளுக்கு டேனியல் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த தீர்வும் இதே சிந்தனையின் வழிப்பட்டது.

ஆயினும் 1998 நவம்பரில் தரநிலை வரிசையில் இடம்பெற்றது ஐ.கே.இ. நெறிமுறையே. ஃபோட்டூரிஸ் 1999 மார்ச்சில் சோதனை ஆவணமாக மட்டும் வெளியாயிற்று. ஐ.கே.இ. குக்கியின் பெயரை ஏற்றது, பயனை ஏற்கவில்லை. குக்கி அங்கே உடன்பாட்டின் அடையாள எண்ணாகவும் ஆக்கப்பட்டது. முதல் செய்தியில் வரும் முன்மொழிவை வாயில் நினைவில் வைத்தே தீர வேண்டியதாயிற்று. சிம்ப்சன் 1999 டிசம்பரில் இதைக் கடுமையாகச் சாடி எழுதினார். போட்டி நெறிமுறையின் ஆசிரியர் என்பதால் அவர் குரலில் மனத்தாங்கல் கலந்திருக்கலாம். வாதம் அதனால் பிழையாகிவிடவில்லை.

2005 நவம்பரில் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகக் குழு உருக்குலைந்த செய்திகளை அனுப்பிச் சோதிக்கும் தொகுப்பை வெளியிட்டது. சிஸ்கோ, ஜூனிப்பர் உள்ளிட்ட பலரின் கருவிகளில் குறைகள் வெளிப்பட்டன. அவை நிரலாக்கப் பிழைகள், திருத்தினால் தீரும். 2006இல் சிஸ்கோவின் வி.பி.என். 3000 கருவி வளம் தீர்ந்து முடங்கும் என்று காட்டப்பட்டபோதோ, குறை நெறிமுறையிலேயே உள்ளது என்றது அந்நிறுவனம். சாக்குப்போக்காகத் தோன்றினாலும் அது உண்மை.

2005 டிசம்பரில் வந்த ஐ.கே.இ. இரண்டாம் பதிப்பு, நெருக்கடி வேளையில் கேட்கத்தக்க ஒன்றாகச் சீட்டை மீட்டது. 2016இல் வந்த ஆர்.எஃப்.சி. 8019, வருபவர் ஒரு கணக்குப் புதிரை விடுவித்த பின்பே நுழையலாம் என்னும் ஏற்பாட்டைச் சேர்த்தது. ஜேசன் டோனன்ஃபெல்டின் வயர்கார்டோ, அறியாதவருக்கு மறுமொழியே தராமல் மௌனம் காக்கிறது.

ஆனால் சீட்டு தடுப்பது பொய் முகவரியை மட்டுமே. 2024 அக்டோபரில் சிஸ்கோ அறிவித்த குறையில், தொலைநுழைவு வி.பி.என். சேவைக்குக் கடவுச்சொல் சரிபார்ப்புக் கோரிக்கைகளை மிகுதியாக அனுப்பினாலே அதன் வளம் தீர்ந்துவிடும். மென்பொருள் திருத்தம் வெளியிடப்பட்டது. சேவையை மீட்கக் கருவியை மறுதொடக்கம் செய்யவும் நேரலாம் என்றது அவ்வறிக்கை.