சுறாவின் வாயைக் கட்டியவர்கள்

மன்னார் வளைகுடாவின் இந்தப் பக்கம் தூத்துக்குடி, அந்தப் பக்கம் இலங்கையின் கொண்டச்சி. முத்துக்குளிப்பு எந்தக் கரையில் நடந்தாலும் கடல்கட்டி வந்தால்தான் ஆள் இறங்குவான். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுபவர் அவர். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இப்படி மந்திரிப்பவர்களுக்குப் போனதாக 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ சொல்கிறார்.

1803-இல் வெளியான தன் இலங்கை நூலில் ராபர்ட் பெர்சிவல் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். கொண்டச்சியில் ஒருவரின் காலைச் சுறா கடித்துவிட்டது. தலைமை மந்திரவாதியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "மலபார் கரையிலிருந்து வந்த ஒரு சூனியக்காரக் கிழவி எதிர்மந்திரம் போட்டுவிட்டாள், இனி பாருங்கள்" என்பதுபோல அவர் பதில் சொன்னார். மறுபடி விபத்து நடக்கவில்லை. மந்திரம் ஜெயித்துவிட்டது!

கடித்தால் கிழவி, கடிக்காவிட்டால் மந்திரம். நான் மென்பொருள் எழுதுபவன். எதைக் கொடுத்தாலும் 'பாஸ்' என்று காட்டும் டெஸ்ட்டை எங்கள் தொழிலில் யாரும் டெஸ்ட் என்று சொல்வதில்லை. கார்ல் பாப்பர் 1934-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: என்ன நடந்தால் தன் கூற்று பொய் என்று முன்கூட்டியே சொல்லத் துணிவதுதான் அறிவியல்.

சரி, அப்போ படித்தவன் சொல்வது அறிவியல், மீனவன் சொல்வது மூடநம்பிக்கையா? இல்லை. எந்தப் பாரில் சிப்பி விளைந்திருக்கிறது என்று குளியாளி சொன்னால், முங்கி நாலு சிப்பி எடுத்துப் பார்த்துவிடலாம். தப்பென்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். மந்திரம் குளியாளிக்குத் தைரியம் தந்தது என்பதைக்கூடச் சோதிக்க முடியும். சோதிக்க முடியாமல் போவது சுறாவின் வாய் மட்டும்தான்.

1902-இல் இலங்கைக்கு வந்த விலங்கியல் பேராசிரியர் ஹெர்ட்மன், நல்ல முத்துக்குக் கரு நாடாப்புழுவின் இளம்புழு என்றார். 1912-இல் ஜேம்சன் இலங்கை முத்துகளையும் சிப்பிகளையும் ஆராய்ந்து, அதற்குச் சான்று போதாது என்று மறுத்தார். ஹெர்ட்மனின் கருத்து நிற்கவில்லை. ஆனாலும் அது அறிவியல்தான், ஏனென்றால் முத்தை அறுத்துப் பார்த்தால் தோற்கக்கூடிய கருத்து அது. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி, சிப்பிக்குள் ஒரு மணியையும் இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டையும் வைத்து உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார். புழு தேவைப்படவில்லை.

ஆக, கோடு படிப்புக்கும் படிப்பின்மைக்கும் நடுவே ஓடவில்லை, சரிக்கும் தப்புக்கும் நடுவேயும் ஓடவில்லை. தோல்வி வரும்போது யார் கணக்கில் எழுதுகிறோம் என்பதில் ஓடுகிறது. ஹெர்ட்மன் தோற்றபோது ஒரு கருத்து போனது. மந்திரம் தோற்றபோது போனது ஒருவரின் கால், பழி விழுந்தது ஒரு கிழவி மேல். மந்திரத்துக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை.

இன்றைக்கும் யாராவது உறுதியாக ஒன்றைச் சொன்னால் நான் கேட்பது ஒரே கேள்வி: "இது பலிக்கலன்னா யாரைக் குத்தம் சொல்வீங்க?"